தராசு சாய்ந்தால் நெரியோ பேசுவார்

“எந்தப் பக்கம்?” என்று கேட்காமல் நெரியோ யாரையும் காரில் ஏற்றுவதில்லை. எந்த ஊருக்கு என்று கேட்கமாட்டார். கபீமாஸ் நிலையத்தில் அவர் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் மரக்காய்போவுக்குத்தான் போகிறோம். அவர் கேட்பது, நாட்டின் தலைவருக்கு வேண்டியவரா வேண்டாதவரா என்பதை. வேண்டியவருக்குப் பின் இருக்கையில் வலது ஜன்னல். வேண்டாதவருக்கு இடது ஜன்னல். இன்னும் முடிவு செய்யாதவர் நடுவில். முன் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். அது தூங்குகிறவர்களுக்கும் பேசப் பிடிக்காதவர்களுக்கும் உரியது.

“ஒரே கட்சியா ஒரே பக்கம் உக்காந்தீங்கன்னா பாலத்துல வண்டி இழுக்கும்” என்பார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய் வீட்டில்கூடச் சொல்லாத உண்மையை அவரிடம் சொல்லிவிடுவார்கள்.

நான் நடுவில் உட்காருகிறவள். பள்ளி முடித்துவிட்டு மரக்காய்போவில் ஒரு நகல் எடுக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். முதல் நாள் என்னைப் பார்த்தவுடனே அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “உன்கிட்ட கேக்கவே வேண்டாம் பொண்ணு. நீ ஒரே ஒரு தடவைதான் ஓட்டுப் போட்டிருப்ப. நடுவுல ஏறு.”

கார் ஒரு பழைய காப்ரிஸ். கப்பல் மாதிரி நீளம். ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கை இடது பக்கம். முன்பக்கத்து வலது கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நெரியோ இறங்கி, காரைச் சுற்றி வந்து, கதவைத் திறந்துவிட்டு, “அமைச்சர் இறங்கலாம்” என்பார். பின்பெட்டியின் மூடியைப் படகுக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். அந்த முடிச்சை அவரைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாது. கழுத்தில் ஈரத் துண்டு, இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஐம்பது தாண்டிய மனிதர், ஆனால் முதுகு வளையாமல் உட்கார்ந்து, எதிரே இருக்கும் வண்டியைப் பார்க்காமல் அதற்கும் அப்பால் தூரத்தைப் பார்த்தபடி ஓட்டுவார். வேகத்தடை வந்தால், “அலை வருது, பிடிச்சுக்கங்க” என்பார். வண்டியை நிறுத்தினால், “கரை சேந்தாச்சு.”

அந்தக் காரின் எஞ்சினை அவர் அணைப்பதே கிடையாது. ஆள் சேரும்வரை நிலையத்தில் அது உறுமிக்கொண்டே நிற்கும். அவர் மரத்தடியில் சாப்பிடும்போதும் உறுமும். பெட்ரோல் நிலையத்துப் பையன்கள் கத்திக் கத்தி அலுத்துப்போனார்கள்.

“நம்ம எண்ணெய், நம்ம பெட்ரோல். தண்ணிப் பாட்டிலவிட மலிவு. எரியட்டுமே, யாரு வீட்டு முதல் போகுது?” என்பது அவர் வாதம்.

ஆங்குலோ வாத்தியார் ஒருநாள் இதற்குப் பதில் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர், இடது ஜன்னலின் நிரந்தர உரிமையாளர். “பொய் சொல்லாத நெரியோ. உன் பேட்டரி செத்துப்போச்சு. அணைச்சா மறுபடி கிளம்பாது. நாங்க இறங்கித் தள்ளணும். இந்த நாடும் அப்படித்தான் ஓடுது. அணைச்சுப் பாக்கத் தைரியம் கிடையாது.”

நெரியோ கண்ணாடியில் அவரைப் பார்த்தார். “தள்ளுறதுக்கு நீங்க இருக்கீங்கல்ல வாத்தியாரே, அப்புறம் என்ன?”

எங்கள் ஊரில் வீடுகளுக்கு நடுவிலேயே எண்ணெய்க் கிணறுகள் உண்டு. கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி, பேக்கரிக்குப் பின்னால் என்று எண்ணெய் இறைக்கும் இரும்புக் குதிரைத் தலைகள் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். ஆடுகிற தலையைக் கடக்கும்போது நெரியோ இரண்டு விரலை நெற்றியில் வைத்து வணக்கம் போடுவார். ஆடாமல் நிற்பதைக் கடக்கும்போது நாக்கால் ‘ச்சு’ என்பார், வழியில் செத்த நாயைப் பார்த்ததுபோல. முன்பெல்லாம் வணக்கம் அதிகமாக இருந்தது. இப்போது ‘ச்சு’ அதிகம். சண்டை பெரும்பாலும் அந்த ஒலியிலிருந்துதான் பிறக்கும்.

“பேக்கரிக் கிணறும் நின்னுடுச்சா?” என்பார் வாத்தியார், ஏதோ இப்போதுதான் பார்த்ததுபோல.

“களைச்சிருக்கும். அம்பது வருஷமா ஆடுது. உங்களுக்கு மட்டும் ஓய்வு வேணும், அதுக்கு வேண்டாமா?” என்று வலது ஜன்னலிலிருந்து ஒமைரா அக்கா கேட்பார். அவர் மரக்காய்போவில் ஒரு அரசுப் பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறார். தலைவர் பேசும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுத் தொலைக்காட்சி காலையிலிருந்து மாலைவரை அணையாது.

“பழுது பாக்க ஆள் இல்லம்மா. தெரிஞ்சவன எல்லாம் வெளிய அனுப்பியாச்சு.”

“தெரிஞ்சவங்க இருந்தப்ப எங்க அம்மா கண்ணு தெரியாம சுவத்தத் தடவிக்கிட்டு நடந்தாங்க. இப்ப ஆபரேஷன் பண்ணி ஊசியில நூல் கோக்குறாங்க. அந்தக் காசு எங்கேருந்து வந்துச்சு? இதே கிணத்துலேருந்துதான?”

“வந்த காசுல பாதிய கிணத்துக்கே போட்டிருந்தா இன்னும் வந்திருக்கும். கோழி முட்டைய எல்லாருக்கும் குடுங்க, வேண்டாங்கல. கோழிக்குத் தீனி போடணும்ல?”

இப்படி ஒருவர் அடித்து ஒருவர் தடுமாறும் நேரத்துக்காக நெரியோ காத்திருப்பார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, “சாயுது, சாயுது” என்பார். அதற்கு, தராசு சாய்கிறது, நான் ஏறப்போகிறேன் என்று அர்த்தம். தோற்கிற பக்கம் எதுவோ, அந்தப் பக்கம் சேர்ந்துகொள்வார். காலையில் ஒமைரா அக்காவுக்காக, தலைவர்போல ஏழையின் பெயரை மேடையில் சொன்னவர் வேறு யார் என்று நெஞ்சைத் தட்டுவார். மாலையில் அதே பாதையில் காரே தலைவர் கட்சியின் சிவப்புச் சட்டையாக இருந்தால், சட்டசபையும் நீதிமன்றமும் எண்ணெய்க் கம்பெனியும் ஒரே மனிதரின் சட்டைப்பையில் இருந்தால் அந்தப் பை கிழியாதா என்று அவர்களை மடக்குவார். இரண்டு முறையும் குரலில் அதே சூடு. நடிக்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது.

“உங்க சொந்தக் கட்சி என்னண்ணே?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“தோக்குறவங்களுக்கு ஒரு ஆள் வேணும்ல?” என்றார்.

தேர்தல் நாளில் இரு பக்கத்துக் கிழவர்களையும் காசு வாங்காமல் சாவடிக்குக் கொண்டுபோய் இறக்குகிறார். தானும் ஓட்டுப் போடுகிறார். மை தோய்ந்த சுண்டு விரலைப் பார்த்து யாராவது கண்ணடித்தால், “பாத்துக்க, மை ஊதா. சிவப்பும் இல்ல, நீலமும் இல்ல” என்று விரலை ஆட்டிக் காட்டுகிறார்.

எந்தச் சண்டையும் பாலம்வரைதான். புந்தா இகுவானா சுங்கச்சாவடியைத் தாண்டியதும் நெரியோ, “பாலம்” என்று ஒரு சொல் சொல்வார். அதோடு பேச்சு நிற்க வேண்டும். கண்ணாடியில் தொங்கும் சின்னித்தா மாதாவின் பதக்கத்தைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொள்வார். ஒரு காலத்தில் எண்ணெய்க் கப்பல் மோதி இந்தப் பாலத்தில் ஒரு துண்டு தண்ணீரில் விழுந்ததும், இருட்டில் அது தெரியாமல் வந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்ததும் எங்கள் வீடுகளில் குழந்தைக்கும் தெரிந்த கதை. ஆனால் நெரியோ வாய் மூடச் சொல்வதற்கு அது மட்டும் காரணம் இல்லை என்று எனக்குப் பட்டது. பாலத்தின் உச்சியில் கார் ஏறும்போது, தூரத்தில் தண்ணீருக்குள் நிற்கும் எண்ணெய்க் கோபுரங்களைப் பார்ப்பார். அங்கே வணக்கமும் இல்லை, ‘ச்சு’வும் இல்லை.

காரணத்தை நிலையத்தில் காப்பி விற்கும் தல்கிஸ் சொன்னாள். ஆள் சேராமல் கார் நின்றுகொண்டிருந்த ஒரு மத்தியானம். அவளுக்கு எல்லார் வீட்டுக் கதையும் தெரியும், காப்பிக்கு இலவச இணைப்பாகத் தருவாள்.

“அவர் ஏரியில படகு ஓட்டுனவருடி. கம்பெனி ஆளுங்கள கிணத்துக்கும் கப்பலுக்கும் ஏத்திட்டுப் போற படகு. அவரோட அக்கா லெடிஸ் கம்பெனி ஆய்வுக்கூடத்துல பெரிய வேலை. எண்ணெய சோதிச்சு, இது இன்ன தரம்னு எழுதுவாங்க. அந்தப் பெரிய வேலைநிறுத்தம் வந்துச்சுல்ல, தலைவர் இறங்கணும்னு? அக்கா வேலைநிறுத்தத்துல போய் கேட் வாசல்ல நின்னாங்க. இவரு தலைவர் சொன்னார்னு படகை எடுத்தாரு. புதுசா வேலைக்குச் சேந்த பசங்கள ஏத்திட்டுப் போனதே இவருதான். அக்கா வேலை போச்சு. குடியிருப்பு வீடும் போச்சு. கட்டில் சாமானோட ரோட்டுல நின்னப்ப, இவரு உதவிக்குப் போனாராம். ‘நீ ஏத்திட்டுப் போன படகுலதான் என் நாற்காலியும் போச்சு’ன்னு சொன்னாங்களாம். அன்னையோட பேச்சு முறிஞ்சுது. அந்தம்மா மரக்காய்போவுல கேக் செஞ்சு வித்துப் பொழைக்குறாங்க.”

“அப்புறம் ஏன் இவர் கார் ஓட்டுறார்?”

“அதான் கூத்து. பின்னாடி அந்தப் படகுங்கள எல்லாம் அரசாங்கம் எடுத்துக்குச்சு. இவருக்கும் நிரந்தர வேலை, சிவப்புத் தொப்பி, எல்லாம் குடுத்தாங்க. ஆனா படகுக்கு உதிரிச் சாமான் வரல. படகு துறையில கிடக்குது, சம்பளம் மட்டும் வருது. மத்தவங்கெல்லாம் நிழல்ல உக்காந்து தோமினோ ஆடுனாங்க. இந்த லூசு விட்டுட்டு வந்துச்சு. சும்மா உக்காரச் சம்பளம் குடுத்தா யாராவது விடுவாங்களா, சொல்லு?”

எஞ்சின் சத்தத்தில் நெரியோவுக்கு இது கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் திரும்பியிருக்கமாட்டார்.

சென்ற மாதம் ஒரு நாள், வழக்கமான நேரத்தில் நிலையத்துக்கு வந்தேன். வரிசையில் நெரியோவின் காருக்கு முன்னால் இன்னொரு கார் நின்றது. அதில் ஒரே ஒரு இடம் பாக்கி. அதன் ஓட்டுநர் ஒரு அம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அறுபதை நெருங்கியவர், குட்டை முடி, தோளில் துணிப்பை. அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். அந்த இடத்தில் வேறு யாரோ ஏற, கார் போனது.

தல்கிஸ் என் கையைப் பிடித்தாள். “அது யார் தெரியுமா? லெடிஸ். நாளைக்குக் காலையில பஸ் ஏறுறாங்க. கொலம்பியாவுல எண்ணெய் ஆய்வுக்கூடத்துல கூப்பிட்டுட்டாங்க. அப்பா அம்மா கல்லறைக்குப் பூ வைக்க வந்திருக்காங்க. இந்த வயசுல போனா திரும்பி வருவாங்களாடி?”

நெரியோ மரத்தடியிலிருந்து வந்தார். அக்காவைப் பார்த்தார். ஈரத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், தேவைக்கு அதிகமான நேரம். பிறகு காரைச் சுற்றிப் போய் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ‘அமைச்சர்’ என்ற சொல் வரவில்லை.

லெடிஸ் ஏறவில்லை. “கேக்க மாட்டியா?”

“என்னத்த?”

“எல்லார்கிட்டயும் என்னவோ கேப்பியாமே. எந்தப் பக்கம்னு.”

“தெரிஞ்சதுதான.”

“தெரிஞ்ச மாதிரி பேசாத. கேளு.”

நெரியோ கதவின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “எந்தப் பக்கம்?”

“பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு லெடிஸ் ஏறி, அவருக்குப் பக்கத்தில் நடு இடத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்க ஜன்னலில் இரவு வேலை முடிந்து வந்த ஒரு நர்ஸ் ஏறி, உட்கார்ந்த உடனே தூங்கிப்போனாள்.

பின்னால் வழக்கம்போல நாங்கள் மூன்று பேர். ஆனால் ஒமைரா அக்காவின் கன்னம் வீங்கியிருந்தது. வாய்க்குள் பஞ்சு.

“பல் பிடுங்கியாச்சா?” என்றார் ஆங்குலோ வாத்தியார். “எங்க, தலைவர் தொறந்த இலவச ஆஸ்பத்திரியிலயா?”

ஒமைரா அக்கா பெருமையோடு தலையாட்டினார்.

“பாத்தீங்களா! இந்தக் கார்ல அவருக்காகப் பேசுற ஒரே வாய், அதையும் அவரே அடைச்சிட்டார்.”

அக்கா என் மடியைத் தாண்டிக் கையை நீட்டி வாத்தியாரின் முழங்காலில் பையால் அடித்தார். பிறகு தானும் சிரித்துவிட்டு, வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். முன்னால் இருந்த இரண்டு தலைகளும் திரும்பவில்லை.

அன்று மைதானம் முழுவதும் வாத்தியாருக்கே. பேக்கரிக் கிணற்றைத் தாண்டியதும் ஆரம்பித்தார். “ஞாயித்துக்கிழமை கேட்டேன். ‘கம்பெனி மக்களோடது’ன்னார். சரி, மக்களோடதுன்னா மக்கள் கணக்குக் கேக்கலாம்ல? யார்கிட்ட கேக்குறது? கேள்வி கேக்கவேண்டிய சட்டசபை கைதட்டுது. கம்பெனியில யாரு தலைமைன்னு அவர் சொல்றார், யாருக்கு எவ்வளவு எண்ணெய்னு அவர் சொல்றார், நாளைக்கு மழை பெய்யணும்னும் அவரே சொல்வார். ஒரு மனுஷன் நல்லவராவே இருக்கட்டும். அவர் தூங்கி எழுந்திருக்கிற மனநிலையை நம்பியா ஒரு நாட்டோட கிணறு ஓடணும்? எண்ணெய் எடுக்கத் தெரிஞ்சவங்கள அனுப்பிட்டு, கைதட்டத் தெரிஞ்சவங்கள உள்ள வச்சார். அதான் குதிரை எல்லாம் தலையாட்டறத நிறுத்திடுச்சு.”

பதில் சொல்ல யாரும் இல்லை. தராசு இதைவிடச் சாய முடியாது. நாங்கள் எல்லாரும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தோம். நெரியோ சாலையைப் பார்த்தபடியே இருந்தார். ஒமைரா அக்கா முன்னால் சாய்ந்து அவர் தோளை இரண்டு முறை தட்டினார். “ம்ம்! ம்ம்!”

“அலை வருது” என்றார் நெரியோ. சாலையில் ஒரு வேகத்தடையும் இல்லை.

அவர் நிலை எனக்குப் புரிந்தது. வழக்கப்படி அவர் இப்போது தலைவருக்காகப் பேச வேண்டும். பேசினால், அந்தத் தலைவரால் வேலையையும் வீட்டையும் இழந்த அக்கா, நாளை ஊரைவிட்டே போகிற அக்கா, தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறார். பேசாவிட்டால், இத்தனை வருடம் இந்தக் காரில் பேசியதெல்லாம் வெறும் விளையாட்டு என்று ஆகிவிடும்.

“சாயுது” என்றது ஒரு குரல். நெரியோவுடையது இல்லை.

லெடிஸ் பாதி திரும்பி, இருக்கையின் முதுகில் கையை வைத்துக்கொண்டார். “வாத்தியாரே, நான் கம்பெனி குடியிருப்புல இருந்தவ. வேலிக்கு உள்ள. குழாயத் தொறந்தா தண்ணி, நாள் பூரா குளிர்சாதனம், பசங்களுக்கு நீச்சல் குளம். வேலிக்கு வெளிய, கூப்பிடு தூரத்துல எங்க அப்பா வீடு. அங்க தண்ணி வர்ற நாளைத் திருவிழா மாதிரி சொல்லிக்குவாங்க. எங்க அப்பா அந்தக் கிணறுகளத் தோண்டுனவர். என் வீட்டுக்கு வரணும்னா அவர் காவல்காரன்கிட்ட தொப்பியக் கழட்டிட்டு, என் பேரச் சொல்லி, உள்ள விடச் சொல்லிக் கேக்கணும். எனக்கு அது தப்பாவே தெரியல. ஒரு நாள்கூடத் தெரியல. இந்த மனுஷன் டிவியில வந்து, ‘அந்த வேலி யாருக்காக?’ன்னு கேட்டப்பதான் அங்க ஒரு வேலி இருக்குறதையே நான் பாத்தேன்.”

“அதுக்காக...”

“இருங்க, நான் முடிக்கல. கிணறு நல்லா ஓடுச்சுங்கிறீங்க. ஓடுச்சு, நானே சோதிச்சிருக்கேன். யாருக்கு ஓடுச்சு? நாங்க ரொம்பக் கெட்டிக்காரங்க. அதனால யாரும் எங்களக் கேள்வி கேக்கக்கூடாதுன்னு நெனச்சோம். நீங்க அவரச் சொல்றீங்களே, அதேதான்.”

வாத்தியார் குழம்பிப் போனார். “அம்மா, நீங்க எந்தப் பக்கம்?”

“இந்தக்கா பக்கம். அவங்க வாயில பஞ்சு இருக்குல்ல.”

ஒமைரா அக்கா பஞ்சோடு கை தட்டினார். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் தேடுகிறபோது அவர் செய்வது அது.

கொஞ்ச தூரம் போனபின் நெரியோ மெதுவாகச் சொன்னார். “இப்ப அந்தப் பக்கம் சாயுது.”

“அப்போ பேசு” என்றார் லெடிஸ்.

“அந்த மாசம் நான் ஒரு பையனக் கப்பலுக்கு ஏத்திட்டுப் போனேன்.” அவர் குரலில் வழக்கமான சூடு இல்லை. ஒவ்வொரு சொல்லையும் துடுப்புப் போடுவதுபோலப் போட்டார். “புதுச் சட்டை. ஆய்வுக்கூடத்துக்குப் புதுசாப் போட்ட ஆளு. நல்ல பையன், படகுல ஏறுறப்ப எனக்கு வணக்கம் சொன்னான். திரும்பி வர்றப்ப சோதனைக்கு எண்ணெய் எடுத்த பாட்டிலக் கையில வச்சுக்கிட்டு என்கிட்ட கேக்குறான், ‘அண்ணே, இதுல தண்ணி அடியில பிரிஞ்சு தங்குறதுக்கு எவ்வளவு நேரம் விடணும்?’னு. என்கிட்ட! நான் படகோட்டி. எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்சவங்க கேட் வாசல்ல நின்னாங்க. அவங்க முகத்தப் பாக்காமத்தான் அன்னைக்குக் காலையில நான் துறைக்குள்ள போனேன். படகைத் திருப்பிட்டு, போய் அவங்களக் கூட்டிட்டு வரணும்னு தோணுச்சு. திருப்பல. ஏழைக்காகப் பேசுறார், அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். ஒருத்தர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு படகு ஓட்டுறவன் நெனைக்கலாம். ஊரே நெனைச்சா, அப்புறம் பாட்டில யாரு பாக்குறது?”



லெடிஸ் அப்போதும் தன் கட்சியை விடவில்லை. “அந்தப் பையனுக்குச் சொல்லிக் குடுக்கவேண்டியவ வாசல்ல நின்னாளே. வாசல்ல நின்னது அவ தப்பு இல்லையா? உள்ள இருந்துக்கிட்டே சண்டை போட்டிருக்கலாம்ல?”

“ஏத்திட்டுப் போனவன் தப்பையும் சேத்துக்க.”

“சேத்துக்கிட்டேன்.”

வாத்தியார் என் காதருகே குனிந்தார். “பொண்ணு, இவங்க ரெண்டு பேரும் இடம் மாத்தி உக்காந்துட்டாங்களா என்ன?”

அது லெடிஸுக்குக் கேட்டுவிட்டது. “எங்க அப்பா பழக்கம் வாத்தியாரே. ஞாயித்துக்கிழமை பொரிச்ச மீன மேசை நடுவுல வச்சிட்டு எங்களச் சண்டை போட விடுவார். யாரு அடுத்தவங்க கட்சிய நல்லாப் பேசுறாங்களோ அவங்களுக்குத்தான் முதல் துண்டு. இவன் தோத்து அழுவான். நான் பாவம் பாத்து வாலக் குடுப்பேன்.”

“பொய். ஒரு தடவைகூடக் குடுத்ததில்ல” என்றார் நெரியோ.

“குடுத்தேன்டா.”

“தலையக் குடுத்த. முள்ளோட.”

சுங்கச்சாவடியில் மந்தோக்கா என்ற சோளமாவுப் பலகாரம் விற்கிற பெண் ஜன்னலில் தட்டினாள். யாரும் வாங்கவில்லை. அதைத் தாண்டியதும், “பாலம்” என்றார் நெரியோ. அதே நொடியில் லெடிஸும் சொன்னார்.

நெரியோ பதக்கத்தைத் தொட்டு உதட்டில் வைத்தார். பாலத்தின் உச்சியில் அவர் கண்கள் வழக்கம்போலத் தண்ணீருக்குப் போயின. லெடிஸும் அதே பக்கம் பார்த்தார். வெயிலில் கோபுரங்கள் கரித்துண்டுகள்போலத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே படகு ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு கோபுரத்தைக் காட்ட லெடிஸ் கையைத் தூக்கினார். பிறகு பாலத்தின் சட்டம் நினைவுக்கு வந்ததுபோலக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கரை இறங்கியதும் ஒமைரா அக்கா பஞ்சை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். “இப்ப நான் பேசலாமா?” என்று குழறிக்கொண்டே கேட்டார். வாத்தியார் இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்தார். “வேண்டாம்மா. இன்னைக்கு உங்க வக்கீல்கிட்டயே நான் தோத்துட்டேன்.”

மரக்காய்போ நிலையத்தில் எப்போதும் இருக்கும் நெரிசல். பின்னால் வரும் கார்களுக்கு இடம் விட்டு உடனே நகர வேண்டும். இல்லையென்றால் ஒலிப்பான்கள் கதறும். “கரை சேந்தாச்சு” என்றார் நெரியோ. இறங்கி, சுற்றி வந்து, முன் கதவைத் திறந்தார். நர்ஸ் தூக்கத்திலேயே இறங்கிப் போனாள். பின்னாலிருந்து நாங்களும் இறங்கினோம். நெரியோ கதவைப் பிடித்தபடி, அக்கா இறங்குவதற்காக நின்றார்.

லெடிஸ் நடு இடத்திலிருந்து ஜன்னல் பக்கம் நகர்ந்தார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டிக் கதவைத் தன் பக்கம் இழுத்துச் சாத்திக்கொண்டார்.

நெரியோ அந்தச் சாத்திய கதவின் முன் கொஞ்ச நேரம் நின்றார். பின்னால் ஒலிப்பான்கள் ஆரம்பித்துவிட்டன. வரிசையை ஒழுங்குபடுத்துகிற ஆள் தூரத்திலிருந்து, “நெரியோ, எடு வண்டிய! எடுய்யா!” என்று கத்தினார். நெரியோ திரும்பி நடந்து தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஈரத் துண்டை எடுத்துத் தனக்கும் அக்காவுக்கும் நடுவில் வைத்தார். கையை நீட்டி, சாவியைத் திருப்பி, எஞ்சினை அணைத்தார்.